வரிசைக்கு வந்த விலை: டிஸ்னி உலகத்துக்கு ஒரு குடும்பம் திட்டம் போடும் வரலாறு

ரொறன்ரோவில இருக்கிற எங்கட சொந்தக்காரர் மார்ச் பள்ளி விடுமுறைக்கு புளோரிடா போக ஆயத்தப்படுத்துறதைப் பார்த்தவை எங்களில கனபேர் இருப்பீங்கள். மாதக்கணக்கா முதலே வட்ஸ்அப் குழுவில ஒரு எக்செல் கோப்பு வந்து விழும். எந்த நாள் எந்தப் பூங்கா, காலமை எத்தனை மணிக்கு எழும்புறது, கேற் திறந்த உடன எந்தச் சவாரிக்கு ஓடுறது, மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்க இடம் பிடிக்கிறது, எல்லாம் அதில இருக்கும். ஒரு கலியாணவீட்டுக்குக்கூட இப்பிடித் திட்டம் போட்டதில்லை எண்டு நாங்கள் பகிடி பண்ணுறதுதான். ஆனால் அந்தப் பகிடிக்கு அங்கால ஒரு கேள்வி இருக்கு. ஓய்வெடுக்கப் போறதுக்கு ஒரு குடும்பம் ஏன் இவ்வளவு வேலை செய்யவேண்டி இருக்கு?

கொம்பனியின் பேராசை என்று ஒரு வரியில பதில் சொல்லிப்போட்டுப் போகலாம். அது பொய்யில்லை, ஆனால் அதில வரலாறு இல்லை. எங்களுக்குத் தெரிஞ்சவரையில இதை விளங்கிக்கொள்ள நல்ல வழி வரிசையைப் பார்ப்பதுதான். அமெரிக்கக் கேளிக்கைப் பூங்காக்களின் வரிசைக்கு இரண்டு வரலாறுகள் இருக்கு. ஒன்று, அந்த வரிசையில யார் நிற்கலாம் என்பது. மற்றது, அந்த வரிசையை யார் தாண்டிப் போகலாம் என்பது.

முதலாவதில இருந்து தொடங்குவம். டிஸ்னிக்கு முதலே அமெரிக்காவின் பெரிய நகரங்கள் எல்லாத்திலயும் கேளிக்கைப் பூங்காக்கள் இருந்தன. நியூயோர்க்கின் கோனி ஐலண்ட் அதில பெயர்போனது. 1920இல சுரங்க ரயில் அங்க போய்ச் சேர்ந்த பிறகு ஐந்து சதத்தோட ஒரு தொழிலாளி குடும்பம் கடற்கரைக்குப் போய்ச்சேரலாம். ஆனால் நாட்டின் பல பூங்காக்களில கறுப்பின மக்களுக்கு இடமில்லை. தெற்கில மட்டும்தான் இது நடந்தது எண்டு நினைக்கவேண்டாம், வடக்கிலயும் நடந்தது. கறுப்பினக் குடும்பம் ஒன்று காரில தூரப் பயணம் போறதெண்டா, எந்த ஊரில தங்கலாம், எந்தக் கடையில சாப்பாடு தருவினம், எங்க பெற்றோல் அடிக்கலாம் என்று முதலே பார்த்து வைக்கவேணும். அதுக்காகவே நியூயோர்க் தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936இல ஒரு வழிகாட்டிப் புத்தகத்தைத் தொடங்கினார். ‘கிரீன் புக்’ என்று அதைச் சொல்லுவினம். குடும்பச் சுற்றுலாவுக்குத் திட்டம் போடுறது அவையளுக்குப் பொழுதுபோக்கு இல்லை, உயிர்ப் பாதுகாப்பு.

1963இல மார்ட்டின் லூதர் கிங் பேர்மிங்ஹாம் சிறையில இருந்து எழுதின கடிதத்தில, பொறுமையாக இருங்கோ என்று புத்தி சொன்னவையளுக்குப் பதில் சொல்லுற ஒரு நீண்ட வாக்கியம் வரும். அதில அடி, கொலை, வறுமை எல்லாம் வரும். அதோட இன்னொண்டும் வரும்: தொலைக்காட்சியில விளம்பரம் பார்த்த கேளிக்கைப் பூங்காவுக்கு ஏன் போகமுடியாது என்று கேட்ட ஆறு வயது மகளுக்கு என்ன சொல்லுறது என்று தெரியாமல் ஒரு தகப்பன் திணறுற இடம். அட்லாண்டாவில இருந்த ஃபன்டவுண் என்ற பூங்கா அது. இவ்வளவு பாரதூரமான கடிதத்தில ராட்டினமும் ஐஸ்கிறீமும் விற்கிற ஒரு இடம் ஏன் வருகுது? அந்தப் பிள்ளை தன்னைப் பற்றி முதல்முதலா ஒரு விசயத்தை விளங்கிக்கொள்ளுறது அந்த வாசலில நிண்டுதான் எண்டது அவருக்குத் தெரியும்.

அதே வருசம் மேரிலாந்தில பால்ட்டிமோருக்குப் பக்கத்தில இருந்த குவின் ஓக் பூங்காவில ஜூலை 4ஆம் திகதி பெரிய போராட்டம் நடந்தது. மதகுருமாரும் சேர்ந்து வாசலுக்கு வந்து, ஏறத்தாழ முந்நூறு பேர் கைதானார்கள். ஓகஸ்ட் 28ஆம் திகதி பூங்கா எல்லாருக்கும் திறந்தது. கிங் வொஷிங்டனில தன் புகழ்பெற்ற உரையை நிகழ்த்தின அதே நாள். அண்டைக்கு அந்தப் பூங்காவின் குதிரை ராட்டினத்தில ஏறின முதல் கறுப்பினக் குழந்தை ஷரோன் லாங்லி. பதினொரு மாதக் குழந்தை. பிறகு பெரிய ஆளாகி அந்த நாளைப் பற்றிச் சிறுவர் புத்தகம் ஒன்றைச் சேர்ந்து எழுதினார். பூங்காவை 1972இல ஒரு புயல் அழிச்சுப்போட்டுது. ராட்டினம் தப்பினது. 1981இல அதை வொஷிங்டனின் நஷனல் மோலுக்குக் கொண்டுபோய் வைச்சார்கள். வரிசையில நிற்கிற உரிமைக்கு ஆட்கள் சிறைக்குப் போயிருக்கினம் என்பதை ஞாபகம் வைச்சுக்கொண்டு இனி டிஸ்னிக்கு வருவம்.

வோல்ட் டிஸ்னியின் முதல் பூங்காவான டிஸ்னிலாண்ட் 1955 ஜூலை 17ஆம் திகதி கலிபோர்னியாவின் அனஹைமில திறந்தது. பெரியவருக்கு ஒரு டொலர், பிள்ளைக்கு ஐம்பது சதம். உள்ளுக்கு ஒவ்வொரு சவாரிக்கும் வேற காசு. தோலின் நிறத்தை வைச்சு வாசலில தடுக்கிற விதி அங்க இருக்கேல்லை. ஆனால் கோனி ஐலண்ட் போல ரயிலில போய் இறங்கவும் ஏலாது. புதிய நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில, கார் வைச்சிருக்கிற குடும்பத்துக்காகக் கட்டின இடம். யார் வரலாம் எண்டதை அறிவித்தல் பலகை தீர்மானிச்ச காலம் போய், காரும் வாசல் காசும் தீர்மானிக்கத் தொடங்கின காலம் அது.

சில மாதத்தில சவாரிகளுக்கு டிக்கட் புத்தகம் வந்தது. ஏ, பி, சி என்று தரம் பிரிச்சு, அடுத்த வருசம் டி, 1959இல ஈ. ஏ டிக்கட் சின்னச் சவாரிக்கு, ஈ டிக்கட் பெரிய சவாரிக்கு. அமெரிக்கப் பேச்சில ‘ஈ டிக்கட்’ எண்டா உச்சமான அனுபவம் எண்டு அர்த்தமாகிப்போச்சு. 1983இல விண்ணுக்குப் போன முதல் அமெரிக்கப் பெண் சாலி ரைட், விண்ணோடம் மேல கிளம்பினதை அதோடதான் ஒப்பிட்டவர்.

இந்த டிக்கட் முறையில ஒரு சங்கதியைக் கவனியுங்கோ. காசு கூட இருந்தால் கூடத் தரம் சவாரி செய்யலாம். ஆனால் வரிசையில முன்னுக்குப் போகேலாது. ஈ டிக்கட்டைப் பத்து வைச்சிருக்கிற முதலாளியும் ஒண்டே ஒண்டு வைச்சிருக்கிற பஸ் சாரதியும் ஒரே வரிசையில, ஒரே வெயிலில. 2022இல பெற்றோலுக்கு நாள்கணக்கா நிண்ட நாங்கள் வரிசையைப் புகழ்ந்து பாடப்போறதில்லை. வரிசை ஒரு சுகமான இடமில்லை. ஆனால் ஒழுங்கான வரிசையில எல்லாற்ற நேரத்துக்கும் ஒரே மதிப்பு இருக்கு. காசால வாங்கேலாத சொற்பச் சாமான்களில அது ஒண்டாக இருந்தது.

டிஸ்னிலாண்டில வோல்ட் டிஸ்னிக்கு ஒரு மனக்குறை. அவர் வாங்கின காணி 160 ஏக்கர்தான். பூங்கா ஓடத் தொடங்க, சுத்திவர மற்றவை மோட்டலும் சாப்பாட்டுக் கடையும் போட்டுக் காசு பார்த்தினம். இரண்டாவது இடத்தில அந்தப் பிழை நடக்கக்கூடாது எண்டு முடிவெடுத்தார். 1964, 65இல புளோரிடாவின் ஒர்லாண்டோப் பக்கம் சதுப்பு நிலத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் ஆரோ பெயர்தெரியாத கொம்பனிகள் வாங்கத் தொடங்கின. ஒரு கொம்பனிக்குப் பெயர் ‘அய்ஃபோர்’. அந்தப் பக்கத்தால போற ஐ-4 நெடுஞ்சாலையை வைச்சு விட்ட பகிடி அது. 1965 ஒக்டோபரில ஒர்லாண்டோப் பத்திரிகை விசயத்தை வெளியில விட்டபோது காணி விலை ஏறிச்சு. ஆனால் அதுக்குள்ள ஏறத்தாழ 27,000 ஏக்கர் கையில. செலவு ஐம்பது லட்சம் டொலர் அளவில. கொழும்பு மாநகர சபை எல்லையைப் போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு நிலம்.

காணியோட நிக்கேல்லை. 1967இல புளோரிடா சட்டமன்றம் ‘ரீடி கிரீக்’ என்ற தனி மாவட்டத்தை உருவாக்கிக் குடுத்தது. வீதி, வடிகால், தீயணைப்பு, கட்டட அனுமதி எல்லாம் கொம்பனியின் கட்டுப்பாட்டில இருக்கிற ஒரு உள்ளூராட்சி. அணு மின்நிலையம் கட்டுற அதிகாரம்கூட அந்தச் சட்டத்தில இருந்தது. 2023இல மாநில அரசு அந்த மாவட்டத்தின் நிர்வாகத்தைத் தன்ர கையில எடுக்கும்வரை இந்த ஒழுங்கு நீடிச்சது. வோல்ட் டிஸ்னி 1966 டிசம்பரில இறந்துபோனார். தமையன் ரோய்தான் வேலையை முடிச்சு, 1971 ஒக்டோபர் 1ஆம் திகதி வோல்ட் டிஸ்னி வேர்ல்டைத் திறந்தார். அதே வருசம் டிசம்பரில அவரும் காலமானார்.

அந்த முதல் வருசத்தில ஒரு குடும்பம் என்ன திட்டம் போட்டிருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. ஒரே ஒரு பூங்கா. இரண்டு ஹொட்டல். வாசலுக்கு 3.50 டொலர், இல்லையெண்டா ஏழு சவாரியோட சேர்ந்த புத்தகம் 4.75 டொலர். காரை நிப்பாட்ட ஐம்பது சதம். திட்டம் எண்டது ஒரு வரைபடமும் காரில ஒரு தண்ணிப் போத்தலும்.

பிறகு கொம்பனி வளர, திட்டமும் வளர்ந்தது. 1982இல எப்கொட், 1989இல திரைப்படக் கலையகப் பூங்கா, 1998இல விலங்குகள் பூங்கா. எப்கொட் திறந்த காலத்தோட டிக்கட் புத்தகம் போய், வாசலில ஒருதரம் காசைக் கட்டினால் உள்ளுக்கு எல்லாம் இலவசம் என்ற முறை வந்தது. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஒரு சவாரிக்கு இவ்வளவு என்று காசு கட்டினவரைக்கும் ஆக்கள் எண்ணி எண்ணித்தான் ஏறினவை. இப்ப எல்லாரும் பெரிய சவாரிக்கே ஓட, வரிசை நீண்டது. முன்னம் டிக்கட்டுக்குக் குடுத்த விலையை இப்ப நேரத்தால குடுக்கவேண்டி வந்தது. ஒரு நாள் பயணம் ஒரு கிழமைப் பயணமாகினதும் இந்தக் காலத்திலதான்.

வரிசையை மறைக்கிறதில டிஸ்னியை அடிக்க ஆளில்லை. நேர்கோட்டில விடாமல் பாம்பு மாதிரி வளைச்சு விட்டால் அதின்ர முழு நீளம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு மூலையைத் திரும்ப, முடிஞ்சுது எண்டு நினைக்க, அங்கால இன்னொரு அறை. சுவரில பாக்க, வாசிக்க ஏதாவது இருக்கும். 1985இல டேவிட் மைஸ்டர் காத்திருப்பின் உளவியல் பற்றி எழுதின கட்டுரை முகாமைத்துவம் படிக்கிற பிள்ளையள் இண்டைக்கும் வாசிக்கிற ஒண்டு. சும்மா நிக்கிற நேரம் நீளமாத் தெரியும், ஏதாவது செய்துகொண்டு நிக்கிற நேரம் குறைவாத் தெரியும், அநியாயமான காத்திருப்பு நியாயமான காத்திருப்பைவிட நீளமாத் தெரியும் எண்டது அதின்ர சாரம். கடைசிப் பகுதியைப் பிடிச்சு வைச்சுக்கொள்ளுங்கோ.

1980களில வழிகாட்டிப் புத்தகங்கள் குவிஞ்சன. பொப் செலிங்கர் எழுதத் தொடங்கின கொம்பனி சாராத வழிகாட்டி, எந்தச் சவாரியை எந்த ஒழுங்கில செய்தால் காத்திருப்புக் குறையும் என்று அட்டவணை போட்டுக் குடுத்தது. பிறகு லென் டெஸ்டா என்ற கணினிக்காரர் அதைக் கணித்தேற்றப் பிரச்சினையாகவே எடுத்து மென்பொருள் எழுதினார். எங்கட சொந்தக்காரரின் எக்செல் கோப்புக்கு இவையள்தான் பூட்டன், பாட்டன். இந்தக் கட்டத்தில வரிசையில முந்துறதுக்குத் தேவைப்பட்டது காசில்லை, படிப்பு. மினக்கெட்டு வாசிக்கிற ஆள் குடும்பத்தில ஒருத்தர் இருக்கவேணும். பெரும்பாலும் அது அம்மாதான். அந்த வேலைக்குச் சம்பளமும் இல்லை, அதை ஆரும் வேலை எண்டு கணக்கெடுக்கிறதும் இல்லை.

1999இல ‘ஃபாஸ்ட்பாஸ்’ வந்தது. சவாரிக்குப் பக்கத்தில இருக்கிற இயந்திரத்தில வாசல் டிக்கட்டைப் போட்டால் ஒரு கடதாசித் துண்டு வரும், பின்னேரம் இத்தனை மணிக்கு வா எண்டு. வந்தால் வேற ஒரு குறுக்கு வரிசை. முழுக்க இலவசம். சனத்துக்குச் சரியான சந்தோசம். ஆனால் கணக்கைப் பாருங்கோ. ஒரு சவாரி மணித்தியாலத்துக்கு 1,000 பேரை ஏத்தும் எண்டு வைப்பம். உங்களுக்கு முன்னால 300 பேர் எண்டால் 18 நிமிசம். அந்த ஆயிரத்தில 700 இருக்கையைக் குறுக்கு வரிசைக்கு ஒதுக்கினால், அதே 300 பேருக்குப் பின்னால நிக்கிற நீங்கள் ஒரு மணித்தியாலம் நிக்கவேணும். புதுசா ஒரு இருக்கையும் முளைக்கேல்லை. ஒருவருக்கு மிச்சப்படுகிற நேரம் இன்னொருவரிட்ட இருந்து எடுத்த நேரம். இலவசமாக இருந்தவரைக்கும் காலமை இந்தப் பக்கம், பின்னேரம் அந்தப் பக்கம் எண்டு எல்லாரும் மாறி மாறி நிண்டதால அது பெரிசாத் தெரியேல்லை.

2013, 14இல எல்லாம் கைப்பட்டிக்கும் கைபேசிக்கும் மாறினது. அதுக்குக் கொம்பனி ஏறத்தாழ நூறு கோடி டொலர் செலவழிச்சதாகச் செய்திகள் வந்தன. அப்ப சவாரிக்கு வீட்டில இருந்தே நேரம் பதிய முடிஞ்சது: டிஸ்னி ஹொட்டலில தங்குறவை 60 நாளுக்கு முதல், மற்றவை 30 நாளுக்கு முதல். சாப்பாட்டு மேசைக்கு 180 நாள். அரை வருசத்துக்குப் பிறகு வாற ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் தன்ர பிள்ளைக்கு என்ன பசிக்கும் எண்டு ஒரு தாய் முதலே தீர்மானிக்கவேண்டி இருந்தது! ஹொட்டல் காசு குடுக்கிறவருக்கு முப்பது நாள் முன்னுரிமை எண்டதில விலை மெல்ல எட்டிப் பாக்கத் தொடங்கீட்டுது.

அதே 2013இல நியூயோர்க் பத்திரிகை ஒன்றில வந்த செய்தி எங்களை இண்டைக்கும் விறைக்க வைக்குது. மாற்றுத்திறனாளிகளுக்கு வரிசையில நிக்காமல் போக டிஸ்னி குடுத்த சலுகையைப் பாவிக்க, மன்ஹற்றன் பணக்காரக் குடும்பங்கள் சில மாற்றுத்திறனாளி ஒருவரை நாளுக்கு ஆயிரம் டொலருக்கு மேல குடுத்து ‘உறவினராக’ வாடகைக்கு எடுத்தினம் எண்டது செய்தி. அந்த வருச ஒக்டோபரிலயே கொம்பனி பழைய முறையை நிப்பாட்டிப் புதுசு கொண்டுவந்தது. 2024இல அதையும் இறுக்கி, ஓட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவைக்கே முக்கியமாக எண்டு ஆக்கினது. வரிசையைத் தாண்டுறதுக்கு ஒரு சந்தை உருவாகினால் அதின்ர செலவை ஆர் கட்டுறது எண்டதுக்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

கொரோனாவோட 2020 மார்ச்சில பூங்காக்கள் மூடி, ஜூலையில திறந்தபோது ஃபாஸ்ட்பாஸ் இருக்கேல்லை. சில காலம் எல்லாரும் திரும்ப ஒரே வரிசை. 2021 ஒக்டோபரில குறுக்கு வரிசை புதுப் பெயரோட திரும்பி வந்தது, இந்த முறை விலையோட. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 டொலர். காலமை ஏழு மணி அடிக்க, விடுமுறைக்கு வந்த குடும்பம் கட்டிலில இருந்தபடி கைபேசியோட மல்லுக்கட்டத் தொடங்கினது. நெருக்கடியான நாள்களில அந்தக் கட்டணம் 30 டொலரையும் தாண்டினது. வாசல் டிக்கட்டும் நாளுக்கு ஏற்றபடி மாறி, 2022 முடிவில ஒரு நாளைக்கு 189 டொலர் வரைக்கும் போனது. 2024இல குறுக்கு வரிசையை ஹொட்டல்காரர் ஏழு நாளுக்கு முதலும் மற்றவை மூன்று நாளுக்கு முதலும் வாங்கலாம் எண்டு ஆக்கினார்கள். அதே வருசம் ஒக்டோபரில இன்னொரு படி: நேரமே பதியாமல், நினைச்ச நேரம் நினைச்ச குறுக்கு வரிசையில போறதுக்கு ஒரு நாள் அனுமதி. நாளையும் பூங்காவையும் பொறுத்து ஆளுக்கு 129 டொலரில இருந்து 449 டொலர் வரை. வாசல் டிக்கட் அதுக்கு வேற. முதலில விலைகூடின டிஸ்னி ஹொட்டல்களில தங்கினவைக்கு மட்டும்தான் அது கிடைச்சது.

1963இன் வாசலும் 2024இன் குறுக்கு வரிசையும் ஒண்டில்லை. ஒண்டு தோலின் நிறத்தைப் பார்த்து மனிசரை மனிசராகவே மதிக்காத அநியாயம், மற்றது விலைப்பட்டியல். இரண்டையும் சமப்படுத்தினால் குவின் ஓக்கில கைதானவையளுக்கு நாங்கள் செய்யிற அவமரியாதை. ஆனாலும் போராடித் திறந்த பொதுவான வரிசை இரண்டு தலைமுறைக்குள்ள ஆளைப் பார்த்துப் பிரியுது எண்டதை நாங்கள் கவனிக்காமல் விடேலாது. நல்லாப் படிக்கிற ஒரு தோழர் எங்களோட வாதாடினார்: விமானத்தில முதல் வகுப்பு இல்லையா, இதில என்ன புதுசு? இருக்கு. ஆனால் முதல் வகுப்புக்காரருக்குக் கூட வசதி கிடைக்குதே தவிர, அவருக்காக எங்கட விமானம் பிந்திப் போய்ச் சேருறதில்லை. இங்க ஒருவரின் வேகம் மற்றவரின் காத்திருப்பாலதான் செய்யப்படுது.

இன்னொண்டு. அமெரிக்காவில ஊழியருக்குச் சம்பளத்தோட வருடாந்த விடுமுறை குடுக்கவேணும் எண்டு கூட்டாட்சிச் சட்டம் இண்டைக்கும் இல்லை. பிரான்சில 1936இலயே தொழிலாளர் வேலைநிறுத்தத்தோட இரண்டு கிழமை விடுமுறை சட்டமானது. ஆக, வருசத்தில சொற்ப நாள் கிடைக்கிற ஒரு குடும்பம் அந்த நாள்களில ஒரு மணித்தியாலத்தையும் வீணாக்கப் பயப்பிடும். அந்தப் பயத்துக்குத்தான் விலை போட்டிருக்கு.

இரண்டு வரிசையும் சவாரிக்குக் கிட்ட ஒரு இடத்தில சந்திக்கும். அதில ஒரு ஊழியர் நிப்பார். குறுக்கு வரிசையில இருந்து ஒரு கூட்டத்தை விட்டு, சாதாரண வரிசையில இருந்து கொஞ்சப் பேரை விட்டு, திரும்பக் குறுக்கு வரிசை. வெயிலில மணிக்கணக்கா நிண்டவையின் முறைப்பு முழுக்க அவர் முகத்திலதான் விழும். 2018இல தொழிற்சங்கங்கள் பேசி, 2021இல குறைஞ்ச சம்பளம் மணித்தியாலத்துக்கு 15 டொலர் எண்டு ஆக்கின. 2023 ஒப்பந்தத்தில அது அந்த வருச முடிவுக்குள்ள 18 டொலர் எண்டானது. அந்தக் கணக்கில, தனக்கு முன்னால நிக்காமல் நடந்துபோற ஒருவரின் 449 டொலர் அனுமதியை வாங்க, அந்த இடத்தில நிக்கிறவர் ஏறத்தாழ 25 மணித்தியாலம் நிக்கவேணும்.